துவக்குக்கு நம்பர் இருக்கு, ஆளுக்கு?

நம்ம குழுவோட வட்ஸ்அப்பில போன மாசம் நடந்த சண்டையப் பத்தி வெளியில எழுத வேணாம்னுதான் முதல்ல நினைச்சேன். ஆனா அது ரெண்டு பேருக்குள்ள முடிஞ்சு போற விஷயமா தெரியல. அதனால எழுதுறேன்.

கஹவத்தைக்குப் பக்கத்துத் தோட்டத்துத் தம்பி ஒருத்தன். இப்ப கொழும்புல ஒரு புடவைக் கடையில வேலை. ராத்திரி கடை மூடி போடிங்குக்கு வந்த பிறகு அவனுக்கு ஒரே பைத்தியம்தான்: இரண்டாம் உலகப் போர்க் கால ஜப்பானிய இராணுவத்தின் ஸ்னைப்பர் துவக்குகள். 'கோல் ஒஃப் டியூட்டி: வேர்ல்ட் அட் வோர்' விளையாட்டில அரிசாக்கா துவக்கைப் பார்த்ததுல தொடங்கி, இப்ப அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் பேசுற பாஷையே பேசுறான். "இந்தத் துவக்குகளை அடையாளம் காண்பது எப்படி" என்று ஐந்து பகுதித் தொடர் எழுதித் தாறேன், நம்ம பக்கத்துல போடுங்கன்னு கேட்டான்.

குழு ரெண்டா பிரிஞ்சது. பாதிப் பேர், "இந்த நாட்டுல தமிழ்ப் பேரோட துவக்குப் படம் போட்டா என்ன ஆகும்னு தெரியாதா? வேணாம்" என்றார்கள். மீதிப் பேர் "சுப்பர் மச்சான், எழுது" என்றார்கள். நான் ஒரு கேள்வி மட்டும் கேட்டேன்: "தம்பி, அந்தத் துவக்கோட மறுபக்கம் யார் இருந்தாங்கன்னு எத்தனையாவது பகுதியில வரும்?" அவன் உடனே பதில் போட்டான்: "அக்கா, நீங்க எல்லாத்திலயும் அரசியலைக் கொண்டு வர்றீங்க. இது வெறும் சேகரிப்பு. வரலாறு."

இந்தக் கட்டுரை அந்தக் கடைசிச் சொல்லுக்கான பதில். தொடரை நிறுத்தச் சொல்லி எழுதவில்லை. எழுதட்டும். ஆனா அதுக்குப் பேர் வரலாறுன்னா, அதுல என்ன குறையுதுன்னு சொல்ல எனக்கு உரிமை இருக்கு.

கல்லு பார்க்கிற கண்

முதல்ல அவன் அறிவுக்கு மரியாதை கொடுத்துட்டுத் தொடங்குறேன். நாம இரத்தினபுரி மாவட்டத்துக்காரங்க. ஒரு கல்லை வெயிலுக்குப் பிடிச்சுப் பார்த்து, இது பிறவிக் கல்லா, சூடு காட்டின கல்லான்னு சொல்ற மனுசரைப் பார்த்து வளர்ந்தவங்க. அந்தக் கண்ணோட மதிப்பு நமக்குத் தெரியும். துவக்குச் சேகரிப்பாளர்களுக்கும் அதே மாதிரிக் கண்தான்.

தம்பி சொல்லித் தந்ததைச் சுருக்கமா சொல்றேன். ஜப்பான் இராணுவத்தின் சாதாரணத் துவக்கு 38ஆம் வகை. மெய்ஜி ஆட்சியின் 38ஆவது ஆண்டான 1905இல் வந்ததால அந்தப் பேர். குண்டின் விட்டம் 6.5 மில்லிமீற்றர். அதிலிருந்து ஸ்னைப்பருக்காக உருவாக்கியது 97ஆம் வகை. ஜப்பானிய அரச வம்சக் கணக்கில் 2597, நம்ம கணக்கில் 1937. பிறகு 7.7 மில்லிமீற்றர் குண்டு போடுற 99ஆம் வகை வந்தது. அதிலும் ஸ்னைப்பர் உண்டு.

தொலைநோக்கிக் கண்ணாடி துவக்கின் நடு மேலே இருக்காது. இடது பக்கம் தள்ளி மாட்டியிருக்கும். மேலே இருந்து குண்டு அடைக்கும்போது இடிக்கக் கூடாது என்பதற்காக. 97ஆம் வகைக் கண்ணாடி இரண்டரை மடங்கு பெரிதாகக் காட்டும். 99ஆம் வகைக்கு நாலு மடங்கும் உண்டு. பெரும்பாலான கண்ணாடிகளில் திருகித் திருத்துற வசதி கிடையாது. பக்டரியிலேயே ஒரு குறிப்பிட்ட துவக்கில் மாட்டி, சுட்டுப் பார்த்து, அதற்கென்றே சரிசெய்து, துவக்கின் இலக்கத்தைக் கண்ணாடியிலும் குத்திவிடுவார்கள். ஆகவே ஒரு துவக்குக்கு ஒரு கண்ணாடிதான். ரெண்டு இலக்கமும் ஒன்றானால் சேகரிப்பாளர் அதை 'மெட்ச்' என்பார். இலக்கம் வேறானால் விலை விழுந்துவிடும். சாதாரணத் துவக்கில் ஓட்டை போட்டு, கண்ணாடி மாட்டி, ஸ்னைப்பர் என்று விற்கிற கள்ளமும் நிறைய. அதனால ஆணி, ஓட்டை, எழுத்து, இலக்கம் எல்லாத்தையும் லென்ஸ் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கு.

இலக்கத்துக்குப் பக்கத்தில் பக்டரி முத்திரை இருக்கும். வட்டங்களைக் கோத்து அடுக்கின மாதிரி இருந்தா கொக்குரா ஆயுதச்சாலை. இன்னொன்று நகோயா. இலக்கத்துக்கு முன்னால் சின்ன வட்டத்துக்குள் ஒரு ஜப்பானிய எழுத்து இருக்கும். அதை வைத்து எந்தத் தொகுதி, ஏறக்குறைய எந்தக் காலம் என்று சொல்லிவிடலாம்.

யோசிச்சுப் பாருங்க. எண்பது வருசத்துக்கு முந்தின ஒரு இரும்புத் துண்டு. அது எந்த ஊரில் பிறந்தது, எந்தக் காலத்தில் பிறந்தது, அதோட கண்ணாடி எது, எல்லாம் இன்னைக்கும் சொல்ல முடியும். இதைக் கண்டுபிடிச்சு, அட்டவணை போட்டு, புத்தகம் எழுதி, ஒரு ஆயுளையே செலவழிச்ச ஆட்கள் இருக்காங்க. பொறாமையா இருக்கு. உண்மையாத்தான் சொல்றேன்.

தேய்த்த பூ, தேய்க்காத பூ

கோபம் வந்தது இதுக்கு அடுத்த படியிலதான்.

ஜப்பானியத் துவக்கின் தலையில் பதினாறு இதழ் கொண்ட செவ்வந்திப் பூ முத்திரை இருக்கும். அது சக்கரவர்த்தியின் சின்னம். 1945இல் சரணடைந்து ஆயுதத்தை ஒப்படைத்தபோது, சக்கரவர்த்தியின் மானம் எதிரி கைக்குப் போகக் கூடாதென்று அந்தப் பூவை அரம் போட்டுத் தேய்த்து அழித்தார்கள். போர்க்களத்தில் நேரடியாகக் கைப்பற்றிய துவக்குகளில் பூ பெரும்பாலும் அப்படியே இருக்கும். இப்ப சேகரிப்புச் சந்தையில் பூ தேயாத துவக்குக்குத்தான் விலை அதிகம். ஏன்? அது சரணடைந்த துவக்கா இல்லாம, சண்டையில் எடுத்ததா இருக்கலாம் என்பதால். அதாவது, அதைப் பிடிச்சிருந்த ஆள் செத்த இடத்தில் எடுத்ததா இருக்கலாம். அந்தச் சாவுக்கும் சேர்த்துத்தான் விலை.

97ஆம் வகையை இராணுவம் ஏற்றுக்கொண்ட அதே 1937இல்தான் ஜப்பான் சீனாமேல் முழுப் போர் தொடுத்தது. அந்த டிசம்பரில் நான்ஜிங். கொக்குராவின் வட்டங்களை அவ்வளவு அழகா விளக்குகிற தம்பிக்கு, 1945 ஓகஸ்ட் 9ஆம் திகதி இரண்டாவது அணுகுண்டுக்கு முதல் இலக்கே அந்த ஆயுதச்சாலை இருந்த கொக்குராதான் என்பது தெரியாது. மேகமும் புகையும் மறைத்ததால் விமானம் திரும்பி நாகசாகிக்குப் போனது. முத்திரையைத் தெரிஞ்சவனுக்கு ஊரைத் தெரியல. இது அவனோட தப்பு மட்டுமில்ல. அவன் பார்க்கிற வீடியோக்கள் ஆணி வரைக்கும் காட்டும், ஊரைக் காட்டாது. அப்படிப் பழக்கப்படுத்துற ஒரு முறைக்கு 'அரசியல் இல்லாத வரலாறு'ன்னு பேர் வச்சிருக்காங்க.

அண்ணன் சிலோனுக்கு, தம்பி பினாங்குக்கு

இப்ப என் வீட்டுக் கதை.

எங்க அம்மாயியோட அப்பாவுக்கு ஒரு தம்பி. ஊர் துறையூர்ப் பக்கம். பஞ்ச காலத்தில் அண்ணன் கங்காணியோட மண்டபம் கேம்ப் வழியா இந்தப் பக்கம் வந்தார். தம்பி நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி பினாங்குக்குப் போனார். ரெண்டு பேரும் வெட்டினது ஒரே ரப்பர் பால்தான், கடல்தான் வேற. அம்மாயியோட சித்தப்பாகிட்ட இருந்து வருசத்துக்கு ஒண்ணு ரெண்டு கடிதாசி வருமாம். யாரோ எழுதிக் கொடுத்தது. "ஜப்பான் சண்டை வந்துச்சு, கடுதாசி நின்னுச்சு." எங்க வீட்டுல அந்தக் கதை அவ்வளவுதான். அதுக்கு மேல ஒரு வரி கிடையாது.

அவருக்கு என்ன ஆனதுன்னு எனக்குத் தெரியாது. ஆனா அவரை மாதிரி ஆட்களுக்கு என்ன ஆனதுன்னு தெரியும். 1942 பெப்ரவரி 15 சிங்கப்பூர் விழுந்தது. அந்த வருசமே ஜப்பான் இராணுவம் சயாமின் பான் பொங்கில் இருந்து பர்மாவின் தன்பியூசாயாட் வரை 415 கிலோமீற்றருக்கு ரயில் பாதை போடத் தொடங்கியது. மலாயாத் தோட்டங்களில் ரப்பர் வாங்க ஆளில்லாம, வேலையில்லாம, அரிசியில்லாமக் கிடந்த தமிழாட்களை நல்ல சம்பளம், கொஞ்ச நாள் வேலை என்று கூட்டிக்கொண்டு போனார்கள். ஆள் போதாதபோது பிடித்தே கொண்டு போனார்கள். 1943 மழைக்காலத்தில் கொலரா. அந்த ஒக்டோபரில் பாதை முடிந்தது.

அறுபதாயிரத்துக்கு மேற்பட்ட போர்க் கைதிகள் அங்கே வேலை செய்தார்கள். 12,000க்கு மேல் செத்தார்கள். பெயர், படைப்பிரிவு, நாள் எல்லாம் இருக்கு. காஞ்சனபுரியில் கிட்டத்தட்ட 7,000 கல்லறைகள், வரிசையா, புல்லு வெட்டி, பூ வச்சு. ஆசியத் தொழிலாளர்கள் இரண்டு லட்சம் அளவில் என்று கணக்கு. தமிழர், மலாய்க்காரர், பர்மியர், ஜாவாக்காரர். செத்தவர்கள் 90,000 அளவில் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். 'அளவில்' என்ற சொல்லைக் கவனிங்க. ஒருத்தரும் எண்ணவில்லை. பெயர் போட்ட கல்லறை வரிசையும் அவர்களுக்கு இல்லை.

அந்த 'அளவில்'லுக்குள்ள அம்மாயியோட சித்தப்பா இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அந்த இராணுவம் துவக்கு ஒவ்வொன்றிலும் தொடர் இலக்கம் குத்தி வைத்தது. கொண்டுபோன கூலியாளை எழுதி வைக்கவில்லை. எழுதியதையும் யாரும் காப்பாற்றவில்லை. எண்பது வருசம் கழிச்சு நம்ம தம்பியும் துவக்கைத்தான் எண்ணுறான். நான் கேட்டது இதைத்தான்.

மலேசியத் தமிழர்கள் இதைச் சும்மா விடவில்லை. ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' எழுதினார், அ. ரெங்கசாமி 'நினைவுச் சின்னம்' எழுதினார். ரெண்டும் நாவல்கள். பதிவேடு இல்லாத இடத்தில் நாவல்தான் பதிவேடு வேலையும் செய்ய வேண்டியிருந்தது. தம்பி ஐந்து பகுதி எழுதுவதற்கு முன்னால் இந்த ரெண்டில் ஒன்றையாவது படிக்கட்டும்.

நம்ம மரம்

"அது மலாயா, நமக்கென்ன?" என்று இன்னொரு தோழி கேட்டாள். நம்ம தோட்டத்து மேட்டுல நிக்கிற ரப்பர் மரத்துக்கும் அந்தப் போருக்கும் சம்பந்தம் இருக்கு.

1942 ஏப்ரல் 5 ஈஸ்டர் ஞாயிறு ஜப்பான் விமானங்கள் கொழும்பில் குண்டு போட்டன. 9ஆம் திகதி திருகோணமலை. அன்றைக்கு மூழ்கிய 'ஹேர்மிஸ்' கப்பல் இன்னும் மட்டக்களப்புக் கடலில் கிடக்கு. இதைப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீங்க. படிக்காதது இது: மலாயாவும் இந்தோனேசியாவும் ஜப்பான் கையில் போனதும் நேச நாடுகளின் இயற்கை ரப்பருக்குப் பெரிய பிடிமானம் இலங்கைதான். டயருக்கும் விமானத்துக்கும் ரப்பர் வேணும். மரம் செத்தாலும் பரவாயில்லை, இருக்கிற பாலையெல்லாம் எடு என்று கொலைவெட்டு வெட்டினார்கள். களுத்துறை, கேகாலை, இரத்தினபுரி என்று ரப்பர்த் தோட்டம் இருந்த பக்கமெல்லாம் அந்த வேலையைச் செய்த கைகளில் நம்ம ஆட்களின் கைகளும் இருந்தன.

1951 செப்டெம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் ஜப்பானோடு சமாதான மாநாடு. இலங்கை சார்பில் ஜே. ஆர். ஜயவர்தன பேசினார். வெறுப்பு வெறுப்பால் தீராது என்ற புத்தர் வாக்கைச் சொல்லி, நாங்கள் நட்டஈடு கேட்க மாட்டோம் என்றார். அந்தப் பேச்சைப் புகழாத ஆள் இல்லை. ஆனா அதே பேச்சில், எதற்கெல்லாம் நட்டஈடு கேட்க எங்களுக்கு உரிமை உண்டு என்று அவர் சொன்ன பட்டியலில் கொலைவெட்டுப் பட்ட ரப்பரும் இருக்கு. மரத்தின் காயம் நாட்டின் காயமாக உலக மேடையில் பதிவானது. அந்த மரத்தை வெட்டின நம்ம ஆட்களில் பெரும்பாலானோருக்கு 1948ஆம் ஆண்டுச் சட்டத்தோடு பிரஜாவுரிமையே இல்லை. மரம் நாட்டுக்குச் சொந்தமாக இருந்தது, ஆள் சொந்தமாக இல்லை.

காஞ்சனபுரியிலும் கஹவத்தையிலும் நடந்தது ஒரே கொடுமை என்று சொல்ல வரவில்லை. அங்கே சாவு, இங்கே பெயரழிப்பு. ஆனா ரெண்டு இடத்திலும் பொருள்தான் கணக்கில் வந்தது.

ரெண்டு எதிர்வாதம்

ஒன்று: "சேகரிப்பாளன் இல்லாட்டி அந்தத் துவக்கெல்லாம் துருப்பிடிச்சு உருக்குக்குப் போயிருக்கும்." சரி. ஒத்துக்கொள்றேன். பொருளைக் காப்பாத்துறது நல்ல வேலைதான். ஆனா காப்பாத்துற ஆள் பொருளோட முழுக் கதையையும் காப்பாத்தணும். கண்ணாடி மெட்ச் ஆகாத துவக்குக்கு விலை குறையுதுல்ல? அந்தத் துவக்கு யாரைச் சுட்டது என்பதை மறந்த சேகரிப்புக்கும் மதிப்பு குறையத்தானே வேணும்?

இரண்டு: "ஜப்பான்காரன் நேதாஜிக்கு உதவினவன், தமிழாட்கள் ஐஎன்ஏவில சண்டை போட்டவங்க." உண்மை. மலாயா ரப்பர்த் தோட்டத்துப் பெண்கள் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தது சின்ன விஷயம் இல்லை. ஆனா அந்தப் படை பெரும்பாலும் பிடித்திருந்தது பிரிட்டிஷ்காரனிடம் கைப்பற்றிய துவக்குகளை. படைக்கு ஆள் கொடுத்த தோட்டங்களே ரயில் பாதைக்கும் ஆள் கொடுத்தன. ஒரு லயத்தில் ஒருத்தர் தொப்பி போட்டார், இன்னொருத்தர் திரும்பி வரவே இல்லை. வரலாறுன்னா ரெண்டையும் சேர்த்துச் சொல்லணும்.

நமக்கு எதுவுமே மெட்ச் ஆகாது

'மெட்ச்'ங்கிற சொல்லு என்னை ஏன் இவ்வளவு குத்துச்சுன்னா, போன வருசம் எங்க மாமா ஈபிஎப் காசுக்காக ஒரு ஒபிஸ்ல ஏறி இறங்கினார். செக்ரோல்ல ஒரு பேரு. அடையாள அட்டையில இன்னொரு பேரு. பிறப்புச் சான்றிதழ்ல மூணாவது பேரு. முப்பது வருசம் தினமும் பிரட்டுல நின்னு பேர் போட்ட மனுசன், கடைசியில தான்தான் அந்த ஆள்னு நிரூபிக்க ஆறு மாசம் அலைஞ்சார். அவர் தனியாள் இல்ல. உங்க லயத்திலயும் ரெண்டு பேர் இருப்பாங்க, கேட்டுப் பாருங்க. ஒரு துவக்கின் இலக்கமும் கண்ணாடியின் இலக்கமும் ஒன்றா என்று பார்க்க உலகம் முழுக்க நிபுணர்கள். எங்க மாமாவின் மூன்று பெயர்களும் ஒரே ஆள் என்று பார்க்க ஒரு கிளார்க் இல்லை.

இதுல நம்ம பங்கும் இருக்கு. பழைய செக்ரோல் புத்தகங்கள் கறையான் தின்னுச்சு, நாம பார்த்துக்கிட்டு இருந்தோம். கலவரத்துக்குப் பயந்து ஓடினபோது பல வீட்டுத் தகரப் பெட்டிகள் எரிஞ்சது நம்ம குற்றமில்ல. ஆனா மிஞ்சின பெட்டியைத் திறந்து ஒரு படம் எடுக்காதது நம்ம குற்றம்தான். கோப்பிக் காலத்துக் கூலி டோக்கன்களுக்குக் கூட வெளிநாட்டில் விலைப்பட்டியல் இருக்கு. நம்ம வீட்டில் கிடந்ததைப் பழைய இரும்புக்காரனுக்கு நிறுத்துப் போட்டவங்க நாம.

அதனால தம்பியோட தொடருக்கு என் ஓட்டு 'ஆம்'. ஒரு நிபந்தனையோட. முதல் நாலு பகுதியில் துவக்கைப் பற்றி எழுது. தேய்ந்த எழுத்தை எப்படிப் படிக்கிறது, முத்திரையை எப்படிப் பிரிச்சறியிறது, கள்ளத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறது என்று எல்லாம் சொல்லிக் கொடு. ஐந்தாவது பகுதியில் அதே முறையை நம்ம லயத்துக்குக் கொண்டு வா. செக்ரோல் பக்கம், பழைய பாஸ்போர்ட், மண்டபம் கேம்ப் கடதாசி, பித்தளை டோக்கன், கல்லறையில் பாதி மறைந்த பெயர். எந்த வருசத்து அச்சு, எந்தத் தோட்டத்து எழுத்து, யார் கையெழுத்து என்று பார்த்துச் சொல். உன் கண்ணுக்கு இங்கே வேலை இருக்கு.

போன ஞாயிறு அம்மாயியோட பெட்டியைத் திறந்தேன். அடியில ஒரு தகர வில்லை. ஓட்டை போட்டு, கயிறு கட்டிக் கழுத்தில் மாட்டுற மாதிரி. அந்தக் காலத்தில் இக்கரைக்கு வந்த ஆட்களுக்குத் தோட்டத்தின் எழுத்தும் இலக்கமும் குத்தி இப்படித்தான் வில்லை மாட்டி அனுப்பினார்கள். "அப்பா வந்தப்போ போட்டிருந்தது"ன்னு அம்மாயி சொன்னாங்க. ஒரு எழுத்தும் நாலு இலக்கமும் இருக்கிற மாதிரித் தெரியுது, படிக்க முடியல. மாட்டைக் கூடக் காதில்தான் அடிப்பாங்கன்னு அம்மாயி சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரல.

சண்டைக்குப் பிறகு பேசாம இருந்த தம்பிக்கு அதைப் படம் எடுத்து அனுப்பினேன். வேற ஒண்ணும் எழுதல. ராத்திரி பத்தரைக்குப் பதில் வந்தது.

"பிளாஷ் போடாதீங்க அக்கா. லைட்டைப் பக்கவாட்டில, தாழ வச்சு, இன்னொருக்கா எடுங்க. தேய்ச்சுக் கழுவிடாதீங்க. லீவுக்கு வரும்போது நான் பார்க்குறேன்."